மழைக் கிரகத்துக் கதை பிடிபட்டது: உதவிய எல்லாருக்கும் நன்றி

வணக்கம். கதை பிடிபட்டுவிட்டது. பெயர் மறந்துபோன ஒரு விஞ்ஞானக் கதையை, மழைக் கிரகம், ஆறு சூரியன் என்ற துப்புகளோடு வாசகர் வட்டத்தில் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் பிள்ளைகள் அந்தச் சிறுமிக்குப் பூக்கள் கொடுத்தார்களா இல்லையா என்பதில்தான் சண்டை மூண்டது. வாசகர் வட்டமே இரண்டாகப் பிரிகிற அளவுக்கு வந்த அந்த முடிவுச் சண்டையைத் திரும்பக் கிளறப் போவதில்லை. இரு பகுதியாரும் இப்போது முகம் பார்த்துக் கதைக்கிறார்கள், அது போதும்.

பெரிய நன்றி கல்முனை அக்காவுக்கு. விஞ்ஞானக் கதைப் பக்கமே எட்டிப் பாராதவர் அவர். ஆளாளுக்குத் தலைப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இடையில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அதைக் கிடக்க விடுங்க தம்பி. அந்தக் கடைசிக் கட்டத்தை நீங்க வாசிச்சீங்களா, பார்த்தீங்களா?"

அதோடு முடிச்சு அவிழ்ந்தது. பூக்கள் கொடுத்தார்கள் என்று சொன்ன அத்தனை பேரும் பார்த்தவர்கள். இல்லவே இல்லை என்று நின்றவர்கள் வாசித்தவர்கள். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் ‘ஆல் சமர் இன் எ டே’ 1954 மார்ச்சில் ஒரு சஞ்சிகையில் வந்த சிறுகதை. ஓயாமல் மழை கொட்டும் வெள்ளிக் கிரகத்தில் ஏழு வருடத்துக்கு ஒருதரம் கொஞ்ச நேரம்தான் வெயில். பூமியில் வெயிலைக் கண்டு வந்த மார்கோவை மற்றப் பிள்ளைகள் பூட்டி வைத்துவிட்டு, மழை திரும்பத் தொடங்கிய பிறகே கதவைத் திறக்கிறார்கள். கதை அந்த இடத்தில் நின்றுவிடும். 1982இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அரை மணி நேரப் படமாக எடுத்தவர்கள், வெயிலில் பறித்த பூக்களைப் பிள்ளைகள் அவளிடம் கொடுப்பதாக முடிவை நீட்டினார்கள். பார்க்க இதம்தான், ஆனாலும் கதையின் உறைப்பு அதோடு போய்விட்டது.

‘ஆறு சூரியன்’ என்ற துப்பைத் தனியே பிரித்துப் போட்ட காத்தான்குடி சேர், அது வேறொரு கதை, விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் 1941ஆம் ஆண்டு ‘நைட்ஃபால்’ என்றும், அங்கே 2049 வருடத்துக்கு ஒருதரம் வருவது வெயில் அல்ல, இருட்டு என்றும் காட்டினார். வெள்ளியில் மழையென்றால் 1962க்கு முந்திய கதைகளைப் பாருங்கள் என்றார் ஏறாவூர்த் தம்பி. அந்த டிசம்பரில் மரினர் 2 என்ற அமெரிக்க விண்கலம் வெள்ளியைக் கடந்து போய், அங்கே இருப்பது கொதிசூடு என்று காட்டியபின் அங்கு மழையில் பள்ளிக்கூடம் நடத்த எழுத்தாளர்களுக்கு மனம் வராதுதானே! பழைய தொகுப்புகளைப் புரட்டியவர்கள், படத்தைத் தேடி அனுப்பியவர்கள், சண்டையில் சேராமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

இனி மறந்த கதை தேடி வருபவர், வாசித்ததா பார்த்ததா, எந்த மொழியில், ஏறத்தாழ எந்த வருடம் என்று முதலில் எழுத வேண்டும். மறுகா, நிச்சயமாய்த் தெரிந்ததை ஒரு பக்கமும் ஊகத்தை மறுபக்கமும் வைக்கட்டும். பாத்திரங்களின் பெயர் கடைசியில் வந்தால் போதும். நினைவில் சுலபமாய்த் திரிவது அதுதான், மொழிபெயர்த்தவரே மாற்றியிருக்கவும் கூடும்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி கேட்ட கடலடிப் பள்ளிக்கூடக் கதை இன்னும் கிடக்கிறது. தயவுசெய்து ஒருவரும் இப்போதே தலைப்புச் சொல்லிவிட வேண்டாம். அக்கா கேட்கட்டும்.