ஸ்டோர்ஹெட் தோட்டத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி

சக்கர நாற்காலியில் போகிறவர்கள் ஓர் இடத்தைப் பற்றி விசாரித்தால், "அதெல்லாம் பிரச்சினை இல்லை, வாங்க" என்றுதான் பதில் வரும். நம்பிப் போனால் படிக்கட்டு காத்திருக்கும். ஆகவே என் முதல் நன்றி, இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்டோர்ஹெட் தோட்டத்தின் தன்னார்வலர் அம்மாவுக்கு. தொலைபேசியில் கேட்டபோது, முடியாததை முடியாது என்றே சொன்னார்.

வரவேற்பிடத்திலிருந்து இறங்கும் பாதை சரிவானது, ஸ்டோர்ட்டன் ஊருக்குள் சத்திரத்தை ஒட்டிய வாயில் வழியாக வாருங்கள் என்றார். 1748இல் கட்டிய குகைக்குள் படி உண்டு, நாற்காலி போகாது. அப்பல்லோ கோயில் மேட்டின் மேல் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஏரியைச் சுற்றி வரலாம், ஆனால் தள்ளுவதற்குத் தெம்பான ஆள் வேண்டும். நேரில் போய்ப் பார்த்தபோது இதில் எதுவும் மாறவில்லை.

ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர் 18ஆம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கை மறித்து அணை கட்டி, ஏரியும் கரையெங்கும் பழங்கால ரோம, கிரேக்கக் கோயில்களைப் போன்ற அலங்காரக் கட்டடங்களுமாக அமைத்த தோட்டம் இது. பாரம்பரியப் பட்டியலில் முதல் தரத்தில் இருப்பதால், நினைத்த இடத்தில் சாய்தளம் போட்டுவிட முடியாது. அதற்காக நான் கோபப்படவில்லை. ஊர்ப் பக்க வாயிலில் நுழைந்ததும் பிரிஸ்டல் சிலுவைத் தூண். அதனருகில் நின்றால், புல் போர்த்திய ஐந்து வளைவுப் பாலமும் ஏரிக்கு அப்பால் பாந்தியன் மண்டபமும் ஒரே பார்வையில் விழுகின்றன. தோட்டத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான். தூரத்திலிருந்து ஓவியம்போலப் பார்க்கவே ஹோர் இதையெல்லாம் கட்டினார்! பாந்தியன் படியேறாததில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. குகை விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன். உள்ளே ஊற்று நீர் ஓட, தூங்கும் பெண் சிலை இருக்கிறதாம். என்னைத் தள்ளி வந்த அக்கா மகன் வீடியோ எடுத்து வந்து காட்டினான், இருட்டுதான் தெரிந்தது.

குகை தாண்டிய ஏற்றத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. எதிரே வந்த வயதான தம்பதி நின்று, "கை கொடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். அவனிடம் இல்லை, என்னிடம். கேட்காமல் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடிப்பவர்களையே அதிகம் பார்த்தவள் நான். பெயர் தெரியாத அந்த இருவருக்கும் தனியாக ஒரு வணக்கம்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலும் தோட்டத்துக்குப் பக்கத்து நிலையமான கில்லிங்ஹாமிலும் சாய்பலகையோடு சரியான நேரத்துக்கு வந்து நின்ற ரயில் ஊழியர்களுக்கு நன்றி. அப்புறம் டாக்சி. சக்கர நாற்காலி என்றதுமே ஒரு நிறுவனம் வண்டி இல்லை என்றது. அடுத்து அழைத்தவர் வந்தார். நானாகவே நாற்காலியிலிருந்து மாறி உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார், வழக்கமான கட்டணமே வாங்கினார். கூடுதலாக வாங்கக் கூடாது என்பது சட்டம். சரி, சட்டப்படி நடப்பவருக்கும் ஒரு நன்றி சொன்னால் என்ன?

உடன் வரும் உதவியாளருக்கு, தோட்டத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அந்தச் சலுகையால் மிச்சமான காசில் அக்கா மகன் கேக் தின்றான், உழைப்புக்கு அது போதாது. தம்பி, தோள் வலி போயிற்றா? அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது அங்கே இன்னும் அழகாக இருக்குமாம். இப்போதே லீவு சொல்லி வை.