எண் இருக்கிறது, பேச இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனசு சரியில்லையா, 14416-க்கு அழையுங்கள் என்று பேப்பரில் அடிக்கடி போடுகிறீர்கள். நல்ல விஷயம், போட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் எங்கே நின்றுகொண்டு அழைப்பது என்று யாராவது யோசித்தார்களா?

என் தம்பி மனைவிக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, திடீர் திடீரென்று அழுவாள். நான்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன். எடுத்தவர் தமிழில் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். இவள் மொட்டை மாடியில் நின்று பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது என் அம்மா வடாம் காயப்போட ஏறி வர, ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். அடுத்த தடவை மாட்டுக் கொட்டகைக்குப் போனாள், அங்கே சிக்னல் இல்லை. எங்கள் பக்கம் மருமகள் அரை மணி நேரம் தனியாகப் போன் பேசினால் என்ன பேச்சு கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியாததா!

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலிமானஸ் என்று இதைத் தொடங்கியது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இலவசம், ராத்திரி பகல் எப்போதும் பேசலாம். நான் குறை சொல்லவில்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இல்லாதவர்களும் அதில்தானே இருப்பார்கள்?

சென்னையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அறை இருக்கிறது. மாதச் சந்தா கட்டி ஒரு ஆப் வைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் வேறொரு கவுன்சிலர், கதையை முதலிலிருந்து சொல்லணும், இரண்டு மாதத்தில் விட்டுவிட்டான். லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆன்லைன் சிகிச்சை நேரில் பார்ப்பதற்கு ஏறக்குறைய சமமாகவே பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அது கூடவே ஒரு சிகிச்சையாளர் இருந்து வழிநடத்தும்போது. ஆப்பையும் ஆளையும் தனியாக விட்டால் நிறையப் பேர் பாதியில் போய்விடுகிறார்கள்.

திரையில் டாக்டர், கூடவே ஆள் என்ற ஏற்பாட்டை எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் எப்போதோ பார்த்துவிட்டது. 2010 வாக்கில் சென்னையில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு ஒரு பஸ்ஸை ஊர் ஊராக ஓட்டியது. உள்ளே போய் உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர், பேசி முடித்ததும் அதே பஸ்ஸில் மாத்திரை, காசு கிடையாது. உள்ளூர் ஆட்களை வைத்து நோயாளிகளை விடாமல் பின்தொடரவும் செய்தார்கள். என்ன, பஸ்ஸில் ஏறி இறங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும், அது ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை, ஒரு திரை, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மனநல டாக்டர், முடிந்தவரை அதே டாக்டர். ஒரு நாளைத் தடுப்பூசி போடும் கிழமையில் வையுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளை ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாத்திரையையும் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிற அதே ஜன்னலில் கொடுத்துவிட்டால், அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்குப் போகவேண்டிய வேலையும் மிச்சம்.

தம்பி மனைவி இப்போது பரவாயில்லை. பல் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்று தடவை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். பல்வலி தேவலையா என்று அம்மா இன்னும் அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அறந்தாங்கி.