இரண்டாவது சுற்றில் விமானத்தை மாற்றிக்கொள்ள விடுங்கள்

சிமுலேட்டர் வான்சண்டைப் போட்டி ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன இறுதிச்சுற்றில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் நுழைந்த அணி, இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் போர்விமானமான ஃபோக்-வுல்ஃப் 190 எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. எங்களுக்கு மிஞ்சியது அதே போரின் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 5. முறையிட்டதற்கு, "விமானத்தில் என்ன இருக்கிறது, ஓட்டுபவர் திறமைதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

அந்த ஸ்பிட்ஃபயரில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். மேலேயிருந்து 190 பாய்ந்து வரும். சட்டென்று திரும்பித் தப்பிவிடுவீர்கள். ஆனால் 190-ஐ ஓட்டுபவர் உங்களோடு சேர்ந்து திரும்ப மாட்டார், பாய்ந்த வேகத்திலேயே மறுபடி மேலே ஏறிவிடுவார். துரத்தினால் எட்டாது. டைவ் அடித்து ஓடினால் பின்னாலேயே வந்து பிடிப்பார். மறுபடி பாய்ச்சல், மறுபடி திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் உங்கள் வேகமும் உயரமும் கரையும். கடைசியில் கீழே கடல்தான் இருக்கும், இறங்க இடமிருக்காது. சண்டையை எப்போது தொடங்குவது, எப்போது விட்டுப்போவது எல்லாமே அவர் கையில். ஒரு தப்பும் செய்யாமலே தோற்கலாம்.

இது என் புலம்பல் மட்டுமல்ல. 1942 ஜூனில் ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி வழிதவறி, வேல்ஸில் உள்ள பெம்ப்ரி தளத்தில் ஒரு 190-ஐ இறக்கிவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் அதை ஸ்பிட்ஃபயரோடு பறக்கவிட்டு ஒப்பிட்டார்கள். வேகம், ஏற்றம், டைவ், உருளல் என்று எல்லாவற்றிலும் மார்க் 5 பின்தங்கியது. குறுகிய வட்டத்தில் திரும்புவதில் மட்டும் அது மேல். 190-ஐச் சமாளிக்கத்தான் ஸ்பிட்ஃபயரின் மேம்பட்ட வகையான மார்க் 9-ஐ அவசரமாகக் களமிறக்கினார்கள். திறமை மட்டும் போதும் என்று விட்டுவிடவில்லை.

திறமையை நான் மறுக்கவில்லை. நீங்கள் அடிக்கடி சொல்லும், பஃபலோ என்ற அமெரிக்கப் போர்விமானத்தின் கதையும் உண்மைதான். பசிபிக்கில் நடந்த மிட்வே சண்டையில் ஜப்பானின் ஜீரோ விமானங்களிடம் அடிபட்டு விழுந்த பஃபலோவை வைத்துத்தான் பின்லாந்துக்காரர்கள் சோவியத் விமானங்களை வேட்டையாடினார்கள். ஆனால் அவர்களுடையது எடை குறைந்த வகை. எதிரே வந்ததும் ஜீரோ இல்லை. இதில் விமானியின் பங்கு எவ்வளவு, விமானத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

அதனால்தான் கேட்கிறேன்: இரண்டு சுற்று வையுங்கள், இரண்டாவதில் அணிகள் விமானத்தை மாற்றிக்கொள்ளட்டும். 2020-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய சிமுலேட்டர் சண்டையில் கணினி நிரலுக்கும் சரி, அதை எதிர்த்த விமானிக்கும் சரி, ஒரே எஃப்-16 போர்விமானம்தான். நிரல் 5-0 என்று ஜெயித்தது. விமானத்தைக் குறை சொல்ல வழியில்லை.

விமானம் முக்கியமில்லை என்றால், உங்கள் சொந்த அணி ஒவ்வொரு முறையும் 190-க்கே ஓடுவது ஏன்? ராசியா? அப்புறம் அந்தப் புள்ளிப் பட்டியல்! கூட்டாளியின் முதுகைக் காத்தவனுக்குப் பூஜ்யம், கடைசிக் குண்டு சுட்டவனுக்கு முழு மதிப்பெண். சரி, அந்தப் பஞ்சாயத்து இன்னொரு நாள்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான்: விமானத்தை மாற்றி ஒரு சுற்று. அடுத்த போட்டிக்கான விதிகளை வெளியிடும் முன் தயவுசெய்து இதைப் பரிசீலியுங்கள். மாற்றிப் பறந்தும் தோற்றால், "திறமைதான்" என்ற உங்கள் வரியை நானே ஒத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மிஞ்சிய ஸ்பிட்ஃபயரை ஓட்டியவர்களில் ஒருவன்