ஆள் திருப்பூரில், பேர் கார்டில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'விவாகரத்தே வேண்டாம்' என்று ஒரு வாசகர் எழுதியிருந்த நீண்ட கடிதத்தைப் படித்தேன். கல்யாணம் என்றால் ஆயுசுக்கும் ஒன்றுதான், விலகிப் போக வழி இருப்பதால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் விலகுகிறார்கள், சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டால் குடும்பம் தானாக நிலைக்கும் என்கிறார். கோபத்தில் எழுதியவர் மாதிரி தெரியவில்லை, அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் கொடைக்கானலில் மனு எழுதிக் கொடுக்கிறவன். ஒரு மர மேசை, ஒரு பெரிய குடை, பழைய தட்டச்சு மிஷின், இப்போது அதோடு ஒரு லேப்டாப். 26 வருஷமாக இதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, காட்டுமாடு மேய்ந்த கேரட்டுக்கு நஷ்டஈடு என்று எல்லாம் வரும். புருஷன் பெண்டாட்டி விவகாரமும் வரும். அது வக்கீல் வேலைதான். ஆனால் வக்கீலிடம் போகுமுன் என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள், அதற்குக் காசு கிடையாது என்பதால்.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது இதுதான். விவாகரத்து வேண்டும் என்று வருகிறவர்கள் கொஞ்சம் பேர். விட்டுவிட்டுப் போன புருஷனின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்க முடியுமா என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஓடிப்போகிறவனுக்கு விவாகரத்து எதற்கு? அவனுக்கு வத்தலக்குண்டு பஸ் போதும். தீர்ப்பும் காகிதமும் தேவைப்படுவது வீட்டில் மிச்சமிருப்பவருக்கு.

என் அக்கா கதையையே சொல்கிறேன். 1983-இல் கல்யாணம். 1988-இல் மச்சான் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார், அங்கேயே இன்னொரு குடித்தனம் ஆகிவிட்டது. பஞ்சாயத்து வைத்தோம், ஆள் அனுப்பினோம், வரவில்லை. வழக்குப் போடலாம் என்று நான் சொன்னபோது அப்பா, "நம்ம வீட்ல கோர்ட் படி மிதிச்ச பொம்பள கிடையாது" என்று முடித்துவிட்டார். ஆக, அந்த வாசகர் கேட்கிற சட்டம் எங்கள் வீட்டில் 19 வருஷம் அமலில் இருந்தது. என்ன நடந்தது? பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா கையெழுத்து எங்கே என்றார்கள். எங்கள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த ஓட்டு வீட்டை வைத்துக் கடன் கேட்டபோது, கணவரையும் அழைத்து வாருங்கள் என்றார்கள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடமாட்டார்கள். வாழாவெட்டி என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2007-இல் மச்சான் இறந்துபோன தகவல் வந்தது. பேரிக்காய் சீசன். அக்கா திண்ணையில் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்து உறவில் இரண்டு பெண்கள் மலையேறி வந்திருந்தார்கள், பூவும் வளையலும் வாங்கிக்கொண்டு. எல்லாம் போட்டுவிட்டு அப்புறம் உடைக்க வேண்டுமாம். அக்கா கையில் கிடந்தது இரண்டு ரப்பர் வளையல். அடிபட்ட காயை ஒரு பக்கம் ஒதுக்கியபடியே, "எனக்கு இது எப்பவோ முடிஞ்சு போச்சு மதினி. இந்தப் பெட்டி சாயங்கால பஸ்ஸுக்குப் போகணும்" என்றாள். அவர்கள் காப்பி குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

அதோடு விடவில்லை. கம்பெனியில் அவருக்கு வரவேண்டிய பி.எஃப். பணத்துக்கு மனைவி கையெழுத்து வேண்டும் என்று திருப்பூரிலிருந்து அந்தப் பெண்ணே வந்து நின்றாள். 17 வருஷம் அவருக்குச் சோறாக்கிப் போட்டவள். முதல் கல்யாணம் சட்டப்படி உயிரோடு இருந்ததால் அவளுக்கு மனைவி என்ற பேர் கிடையாது. பிள்ளைகளுக்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது, அவளுக்கு ஒன்றுமில்லை. அக்கா அந்தப் பணத்தில் பாதியை அவளிடமே கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம். ஏன் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரில அவதானடா பார்த்தா" என்றாள்.

"நம் பாட்டி காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்று வாசகர் கேட்டிருக்கிறார். எந்தப் பாட்டி என்று பார்க்க வேண்டும். மலைக்குக் கீழே உசிலம்பட்டிப் பக்கம், பிரமலைக் கள்ளர்களிடம் துரும்பு கொடுத்துத் தீர்த்துவிடுகிற வழக்கம் இருந்தது. ஊர்ச் சபையில் ஒரு துரும்பைக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. அப்புறம் அந்தப் பெண் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். அறுத்துக்கட்டுவது என்று அதற்குப் பெயரே இருந்தது. நம் நாட்டில் பல சமூகங்களில் இது சகஜம். 1955 இந்துத் திருமணச் சட்டம்கூட இப்படிப்பட்ட வழக்கங்களை ஒழிக்கவில்லை, 29-ஆம் பிரிவில் அப்படியே விட்டுவைத்தது. விலக வழியே இல்லாமல் இருந்தது சாஸ்திரக் கல்யாணம் செய்த வீடுகளில்தான். அதை மட்டும் தமிழர் மரபு என்று பொதுவாக எழுதிவிட்டால் எப்படி? அதற்காக அந்தச் சபைகளை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. பரிசப் பணம் யாருக்கு, நகை யாருக்கு என்று ஆண்களே பேசி முடிப்பார்கள். பெண் தூண் மறைவில் நிற்பாள்.

கணவன் மனைவி இருவருக்கும் விலகும் உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 20 வருஷம் கழித்து, 1949-இல், சென்னை மாகாணம் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. தில்லி அதற்குப் பிறகுதான். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்துச் சட்டம். அதில் மனைவியின் தகாத உறவை நிரூபித்தாலே கணவனுக்கு விலக்கு கிடைக்கும். மனைவி கேட்டால் தகாத உறவோடு கொடுமை, கைவிட்டது என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அதைத் திருத்த 2001 வரை ஆனது. எங்கள் ஊரில் கத்தோலிக்கர்கள் நிறைய. திருமணம் முறியாதது என்பது அவர்கள் விசுவாசம், அதைக் கேள்வி கேட்க நான் யார்? விரும்பி ஏற்கிற நோன்பு அது. அதையே எல்லோர் தலையிலும் சட்டமாக வைப்பது வேறு.

அப்படி வைத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. அயர்லாந்தில் 1995-இல் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள், சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில் விவாகரத்து வந்தது. மால்டாவில் 2011. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்றும் கிடையாது. அந்தக் கல்யாணமே செல்லாது என்று கோர்ட்டில் வாங்குகிற வழி மட்டும் இருக்கிறது. கையில் பணம் உள்ளவர்கள் வாங்குகிறார்கள். மற்றவர்கள் என் அக்கா மாதிரி.

இங்கே சட்டம் ஏதோ அவசர அவசரமாகப் பிரித்துவைக்கிற மாதிரி வாசகர் எழுதியிருப்பதும் சரியில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் சாதாரணமாக மனுவே போட முடியாது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த பிரிவுப்படி இருவரும் சம்மதித்தாலும் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்டபிறகும் ஆறு மாசம் பொறுக்க வேண்டும். அந்த ஆறு மாசத்தைத் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனி ஒட்டவே ஒட்டாது என்கிற கல்யாணத்தைத் தன் தனி அதிகாரத்தில் கலைக்கலாம் என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. சரி, தில்லி வரை போகிறவர்களுக்கு அது.

காத்திருப்பதில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். சில வருஷம் முன்பு தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து இளம் ஜோடி ஒன்று வந்தது. இருவரும் ஒரே பைக்கில் வந்து, ஒரே குரலில் பிரித்துவிடச் சொன்னார்கள். ஒரு வருஷம் தனித்தனியாக இருந்துவிட்டு வாருங்கள் என்றேன். "வீடு ஒண்ணுதாண்ணே இருக்கு, காப்பிப் பழம் எடுக்கிற நேரம் வேற" என்றான் அவன். "பழம் எடுத்து முடியட்டும்" என்றாள் அவள். திரும்பி வந்தது பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க. எனக்கும் கல்யாணமாகி 34 வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "நம்ம கணக்கை எதுக்குங்க பேப்பர்ல போடுறீங்க, யாராவது எங்கிட்ட விசாரிக்கப் போறாங்க" என்றாள்.

பிரிகிறவர்களைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள், பிரிக்கப்படாமல் விடப்பட்டவர்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். போன மாசம் ஒரு பெண் வந்தார். மேல்மலைக் கிராமம், ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் பஸ்ஸில் வந்து, நான் குடையை விரிக்கும்வரை காத்திருந்தார். மடியில் ஒரு ஜவுளிக்கடைக் கவர். அதற்குள் குடும்ப அட்டை, ஆதார், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை எதற்கம்மா என்றேன். "அவர் பேரு வேற எதுலயும் இல்லண்ணே, சாட்சிக்கு வேணும்ல" என்றார். பூண்டுக் காட்டில் கூலி வேலை, இரண்டு பிள்ளைகள். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்கு எழுத வேண்டும். கோர்ட் காகிதம் இல்லாவிட்டால் கைவிட்டு ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி.

"அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சுண்ணே. ஆனா நடுவுல ஒரு தீபாவளிக்கு வந்தார். ரெண்டு நாள் இருந்துட்டு, சின்னவ காதுல கிடந்ததக் கழட்டிட்டுப் போயிட்டார். அது கணக்குல வருமா?"

மனுவில் அந்தத் தீபாவளியை நான் எழுதவில்லை. இதைப் படிக்கிற அதிகாரி யாராவது இருந்தால், மறைத்தது அந்தப் பெண் இல்லை, நான்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்