பள்ளிக்கரணையில் கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே

ஆசிரியருக்கு,

மகன் வேண்டாம் என்று வைத்த பழைய கேமராவோடு ஞாயிறு விடியற்காலையில் பள்ளிக்கரணை சதுப்புநிலப் பக்கம் நடக்கப் போகிறேன். 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம், ஆனால் ஒரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், இன்னொரு பக்கம் குப்பைமேடு. அப்படியும், ஒரு நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டைக் காலால் பிடித்துத் தூக்கிக் கடித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றால் படம் எடுக்கவே மறந்துபோகிறது, முந்தின நாள் வீட்டில் போட்ட சண்டையும்தான். (எடுத்தாலும் பாதி மங்கல், அது வேறு கதை.)

ஒரே குறை, நடக்க வருகிற சிலர் செல்போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வருகிறார்கள். பாட்டு வேண்டுமா, சரி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்களேன்; அந்தச் சத்தத்துக்குப் பறவை நாணலுக்குள் ஓடிவிடுகிறது, அப்புறம் அரைமணி நேரம் காத்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாசகர்,
மேடவாக்கம்