மூன்று வருடப் பணத்தை முதல் நாளே கேட்காதீர்கள்

பிரிட்டனின் விசா கட்டணங்களை முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்தபின் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வாளராக இருக்கிறேன். 2024 அக்டோபரில் மதுரையிலிருந்து வந்தேன். வேலை உறுதியான அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த வாரம் அம்மாவின் ஆரமும் மனைவியின் வளையல்களும் வங்கித் தராசில் இருந்தன. மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்க்க, அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம், மருத்துவச் சேவைக்கென்று விசாவோடு வாங்கும் கூடுதல் கட்டணத்துக்காக. 2015-இல் வருடத்துக்கு 200 பவுண்டாகத் தொடங்கியது 2024 பிப்ரவரியில் 1,035 ஆனது; குழந்தைக்கு 776. நாங்கள் மூன்று பேர், மூன்று வருடம்: 8,538 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பக் கட்டணம் தனி. இந்தியாவில் முனைவர் பட்டம் முடித்து ஆய்வுத் திட்டத்தில் சேரும் ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000 ரூபாய், வாடகைப் படி சேர்க்காமல். ஒரு பைசா செலவழிக்காமல் பதினாறு மாதம் சேர்த்தால்தான் இந்தத் தொகை வரும்.

தொகை பெரிதுதான். அதைவிட ஆளை முடக்குவது, முதல் சம்பளம் வாங்கும் முன்பே மொத்தத்தையும் கட்டச் சொல்வது. பல்கலைக்கழகம் என் பங்கைத் திருப்பித் தந்தது, அதுவும் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து. மனைவி, மகள் பங்கு எங்கள் தலையில்.

என்னோடு பிஎச்டி முடித்த தோழிக்கும் உங்கள் நாட்டில் இடம் கிடைத்தது. என்னைவிடக் கெட்டிக்காரர். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அங்கே விசாவுக்கு 75 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்குக் கணிசமாகவே பிடிக்கிறார்கள், ஆனால் மாதாமாதம், சம்பளத்தில். பொதுக் காப்பீட்டில் வேலைக்குப் போகாத துணைவரும் குழந்தைகளும் அதே சந்தாவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1999-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்தார், 2009-இல் நோபல் பெற்றார், பிறகு உங்கள் நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குத் தலைவரானார். மற்ற அறிவியல் நாடுகளைவிட இங்கே விசா முன்பணம் பல மடங்கு அதிகம் என்று அந்த ராயல் சொசைட்டியே எடுத்துச் சொல்லியிருக்கிறது. 2025-இல் திறமையாளர்களை அழைத்துவர 5.4 கோடி பவுண்டு ஒதுக்கினீர்கள். நல்லது. ஆனால் அது ஒரு சில குழுக்களுக்குத்தான் போய்ச் சேரும். ஞாயிறு இரவிலும் ஆய்வகத்துக்கு வந்து செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவத்தை மாற்றும் ஒப்பந்த ஆய்வாளர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

கட்டணத்தை வருடா வருடம் வாங்குங்கள். முடிந்தால் சம்பளத்தில் மாதாமாதம் பிடியுங்கள். வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் எங்களிடம் அப்படித்தானே பிடிக்கிறீர்கள்? குழந்தைகளை இதிலிருந்து விட்டுவிடுங்கள்.

என் ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. நீட்டித்தால் மறுபடியும் மூன்று பேருக்கும் முன்பணம் கட்ட வேண்டும். வளையல்களை மீட்டுவிட்டோம்; அம்மாவின் ஆரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. தொடர்ந்து இருப்பீர்களா என்று என் பேராசிரியர் இப்போதே கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு போஸ்ட்டாக் ஆய்வாளர்