‘வேலைக்காரரே’ என்று வாசிக்கும் இடத்தில்

வேதபாட வகுப்பு நடத்தும் மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்,

ஸ்தோத்திரம். எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘வேலைக்காரரே’ என்று தொடங்குகிறது. என் சிறுவயதில் அந்த வசனத்தை, மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற அக்காமாருக்கான புத்திமதியாகவே சொல்லிக்கொடுத்தார்கள். முதலாளியை எதிர்த்துப் பேசக் கூடாது, அவ்வளவுதான். கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘தூலோஸ்’ என்ற சொல் என்பதும், அடிமை என்பதே அதன் நேர்ப்பொருள் என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. அதே சொல் ரோமர் 1:1-இல் பவுலைக் குறிக்கையில் ‘ஊழியக்காரன்’ ஆகிறது; கலாத்தியர் 3:28-இலும் பிலேமோன் 16-இலும் ‘அடிமை’யாகவே நிற்கிறது. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும், கீழ்ப்படியச் சொல்லும் இடத்தில் வேலைக்காரனாக இருப்பவன், சமத்துவம் பேசும் இடத்தில்தான் அடிமையாகத் தென்படுகிறான்.

‘அக்காலத்து அடிமைத்தனம் ஆறு வருஷ ஒப்பந்த வேலை போன்றது’ என்று வகுப்புகளில் தரப்படும் விளக்கமும் பாதி உண்மைதான். யாத்திராகமம் 21:2 சொல்லும் ஏழாம் வருஷ விடுதலை எபிரெய அடிமைக்கு உரியது. இரண்டே வசனம் தள்ளிப் பாருங்கள்: எஜமான் கட்டிவைத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம், அவன் மட்டும் ஒன்றியாய்ப் போகவேண்டும். அவர்களைப் பிரிய மனமில்லாதவனைக் கதவு நிலையருகே நிறுத்திக் காதைக் குத்தி, என்றைக்கும் அடிமையாக்குவார்கள். லேவியராகமம் 25:44–46, பிற தேசத்து ஜனங்களிடம் வாங்கிய அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போக அனுமதிக்கிறது. கோலடி பட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால், அடித்தவன்மேல் பழியில்லை என்கிறது யாத்திராகமம் 21:21. அதற்கு எபிரெய மூலம் காட்டும் காரணம், அந்த ஆள் ‘அவனுடைய வெள்ளி’, அதாவது அவன் கொடுத்த காசு.

இதே நியாயப்பிரமாணம்தான், அதாவது மோசேயின் சட்டம்தான், ஆளைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை விதிக்கிறது. தப்பி வந்த அடிமையை எஜமான் கையில் ஒப்புக்கொடுக்காதே என்று உபாகமம் 23:15-இல் கட்டளையிடுகிறது. எபேசியர் வசனத்தை அடிமைகளுக்கு ஓயாமல் பிரசங்கித்த அமெரிக்கத் தென்மாநிலத்தார், 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொண்டுவந்தபோது இந்தக் கட்டளையை வசதியாக மறந்தார்கள். 1807-இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று லண்டனில் அச்சிட்ட வேதாகமத் தொகுப்பிலோ, இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட வரலாற்றையே விட்டுவிட்டார்கள். எதை வாசிக்கக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை நீங்களே யோசித்துப் பார்க்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. எபேசியர் ஆறாம் அதிகாரத்தை எடுக்கும் நாளில், அங்கே இருப்பது அடிமை என்ற சொல் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, யாத்திராகமம் 21-ஐயும் பிலேமோனையும் சேர்த்து வாசிக்கக் கொடுங்கள். பவுல் பரிந்து எழுதிய அடிமையான ஒநேசிமுவை, அவனுடைய எஜமானான பிலேமோன் உண்மையிலேயே விடுதலை செய்தாரா என்று யாராவது கேட்பார்கள். நிருபம் அதைச் சொல்லவில்லை. நீங்களும் இட்டுக்கட்டிச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர்